ஓநாய் பிடித்த மச்சான்

என் மச்சானை ஓநாய் பிடித்துவிட்டது என்று நான் நம்பினேன். காட்டில் அல்ல, என் வீட்டு டிவியில் வைத்துப் பிடித்துவிட்டது என்று.

பத்து வயதில் நம்பியிருந்தால் சொல்லிச் சிரிக்கலாம். எனக்கு அப்போது ஐம்பதை நெருங்குகிற வயது. இலங்கை மலைநாட்டில், பசறை டவுனில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். போனுக்கு ரீலோட் போடுவது, ரிமோட் பழுது பார்ப்பது, தேயிலைத் தோட்டந்தோட்டமாகப் போய், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் கூரைகளில் டிஷ் பூட்டுவது இவைதாம் தொழில். படம் எப்படி வானத்திலிருந்து தட்டுக்குள் இறங்கி, கம்பி வழியாக வந்து பெட்டியில் தெரிகிறது என்று பிறத்தியாருக்கு விளக்கிச் சொல்கிற ஆள் நான். அந்த ஆள்தான் நம்பினேன். வானத்திலிருந்து படம் இறங்க முடியும் என்றால் பிற சங்கதிகளும் இறங்கலாம்தானே என்று என் மூளை கணக்குப் போட்டது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள எங்கள் தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். நடுவில் ஒரு சுவர்தான். அவர் இருமினால் நான் தண்ணீர் குடிப்பேன். தோட்டத்தில் அவருக்குக் கவ்வாத்து வேலை. வளர்ந்துபோன தேயிலைச் செடியைக் கத்தியால் சாய்த்து வெட்டிக் குட்டையாக்குவது. வெட்டின இடம் பிசிறில்லாமல் வழவழவென்று இருக்கும். அந்தக் கைக்காகத்தான் எங்கள் முனியாண்டி கோயில் திருவிழாவில் நேர்ந்த ஆடுகளை வெட்டுகிற உரிமை அவருடைய அப்பாவுக்குப் பிறகு அவரிடம் வந்தது. ஒரே வெட்டுத்தான். இரண்டாவது வெட்டுக்கு அவர் கை ஓங்கியதை யாரும் பார்த்ததில்லை.

இனி டிவியில் வந்த அந்த நாடகம். வெள்ளைக்காரர்கள் எடுத்தது. யாரோ தமிழில் பேசிக் கொடுத்திருந்தார்கள். ஆள் வாயை மூடிய பிறகும் வசனம் வந்துகொண்டிருக்கும். பகலில் மாப்பிள்ளை மாதிரி அழகாக இருக்கிற ஒருவன் பௌர்ணமி வந்தால் ஓநாயாக மாறி ஊராரைக் கிழிப்பான். கிழிப்பதென்றால் மறைத்துக் கிறைத்துக் காட்டுவதில்லை. கழுத்து, வயிறு, குடல் எல்லாம் நடுவீட்டில் வந்து விழும். கிழமைக்கொரு தடவை, பொழுது சாய்ந்த நேரத்தில் வரும். எங்கள் லயத்தில் என் வீட்டு டிவிதான் பெரியது. எனவே லயமே என் வீட்டில் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஓநாய் கிடையாது. இந்த நாட்டிலேயே கிடையாது. நாங்கள் புலி என்று சொல்கிற சிறுத்தை உண்டு, நரி உண்டு, பன்றி தாராளமாக உண்டு. ஆகவே அந்த ஓநாய்க்காரனை எங்கள் பெண்கள் "நாய் மாப்புள" என்று அழைத்தார்கள். சிறுத்தையோடு ஒப்பிட்டுத்தான் அவனுக்குப் புள்ளி போட்டார்கள். அதில் அவன் ஒருநாளும் தேறியதில்லை.

லயத்தின் கடைசி காம்பராவில் இருந்த அக்காதான் பெரிய விமர்சகர். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே சொல்வார்:

"ச்சீ, இது என்னா ரத்தமா? சர்பத்த ஊத்தி வச்சிருக்கானுங்க."

"சத்தம் போடாதீங்கக்கா, கொல்லப் போறான்" என்பாள் என் மனைவி.

"கொல்லட்டுமே. எவ்ளோ நேரம் எடுக்குறான் பாரு. நம்ம நாயி கறுப்பனப் புலி தூக்குனப்ப ஒரு சத்தம் கேட்டுச்சா? விடிஞ்சு பாத்தா சங்கிலி மட்டும் கெடந்துச்சு. அது வேல. இவன் என்னமோ கொழுந்து நிறுக்குற எடத்துல சண்ட புடிக்கிற மாதிரி கத்திக்கிட்டு."

வீடே சிரிக்கும். திரையில் ரத்தம் கூடக் கூட எங்கள் வீட்டில் சிரிப்பும் கூடும். குடல் வெளியே வந்தால் கைதட்டல். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குளவி கொட்டி முகம் வீங்கிய ஆளைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியவர்கள் அவர்கள். மண்சரிவில் புதைந்த லயத்தை மண்வெட்டியால் தோண்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். யாரோ வெள்ளைக்காரனின் ரப்பர்க் குடலுக்கு அவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

பயந்தவன் நான் ஒருவன்தான். அதை மறைக்க எனக்கு ஒரு வழி இருந்தது. ஓநாய் மூச்சு வாங்கத் தொடங்கியதும், "டிஷ் ஆடுது போல, பாத்துட்டு வர்றேன்" என்று வெளியே போய்விடுவேன். கொட்டுகிற மழையிலும் ஏணி வைத்துக் கூரையில் ஏறியிருக்கிறேன். உள்ளே கைதட்டல் அடங்கிய பிறகு இறங்கி வருவேன். ஒருநாள் என் மனைவி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்:

"டிஷ்ஷுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஒங்களுக்குத்தான் சிக்னல் இல்ல."

மச்சான் மட்டும் சிரிக்கமாட்டார், பேசமாட்டார். வாசற்படியில் குந்தி, பிளேன்டீ கிளாசை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பார்ப்பார். நாடகம் முடிந்தால் கிளாசை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வெட்டுகிற மனுசனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்த மரம்வெட்டிக் கட்டம் வந்தது. ஓநாய் ஒரு மரம்வெட்டியைப் பின்னாலிருந்து பிடிக்கிறது. வழக்கம்போல நகத்தையும் பல்லையும் காட்டாமல் இந்தத் தடவை அந்த ஆளின் முகத்தை மட்டும் காட்டினார்கள். திரை நிறைய முகம். நெடுநேரம். கண் அங்குமிங்கும் ஓடி, யாரையோ தேடி, பிறகு தேடுவதை நிறுத்தியது. அதை நான் பார்க்கவில்லை. பிறகு மனைவி சொல்லித்தான் தெரியும். அன்று இடி முழக்கம், கூரையில் ஏற முடியாது. ஆகையால் திரையைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கிளாசைக் கீழே வைத்தார். அதில் தேநீர் பாதிக்குமேல் இருந்தது. எழுந்து, தலையில் சாக்கைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், மழைக்குள் நடந்து போனார்.

"என்னா மச்சான் ஓடிட்டாரு? ஒங்க யாவாரத்த அவருக்கும் பழக்கிட்டீங்களா?" என்று அக்கா என்னைக் கேட்டார். வீடு மறுபடி சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தொழிலுக்குப் போட்டி வந்தால் சிரிப்பா வரும்?

அதன் பிறகுதான் அறிகுறிகள் தொடங்கின. அறிகுறிகள் என்று நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பசறையிலிருந்து கோழி வாங்கிவந்து சமைத்து, மச்சானுக்கும் ஒரு கோப்பையில் கொடுத்தனுப்பினோம். அவர் கறியை ஒதுக்கிவிட்டார். ஓநாய் பிடித்த ஆள் கறியைக் கேட்டுத்தானே அடம்பிடிக்க வேண்டும்? நான் அதற்கும் பதில் வைத்திருந்தேன்: ஓநாய் எங்கே சமைத்த கறியைத் தின்னும்? முகச்சவரம் செய்வதை விட்டார். அது எனக்கு ரோமமாகத் தெரிந்தது. லயத்து நாய்களெல்லாம் அவர் பின்னால் போகத் தொடங்கின. இனம் இனத்தை அறிந்துகொண்டது என்று முடிவு கட்டினேன். ஒதுக்கிய கறியை அவர் நாய்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் விடப் பெரிய அறிகுறி அரிவாள். ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் கூரை விட்டத்திலிருந்து அதை இறக்கி, கல்லில் தேய்த்து, எண்ணெய் போடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சரக் சரக் ஓசை கேட்டால் திருவிழா வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வருடம் ஓசை இல்லை.

நான் ஓர் எலுமிச்சம்பழத்தையும் சில பச்சை மிளகாய்களையும் கோத்து டிஷ்ஷில் கட்டினேன். அந்தக் கனத்தில் டிஷ் சரிந்து படம் ஆடத் தொடங்கியது. அதையும் ஓநாயின் கோபம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு பழம் கட்டினேன். படம் முழுசாகப் போய்விட்டது.

"என்னாங்க, வாடிக்கக்காரங்க டிஷ்ஷுலயும் இப்படித்தான் கட்டி விடுறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"ஒன் அண்ணனுக்கு என்னமோ ஆயிருக்கு புள்ள."

"ஆயிருக்குத்தான். அதக் கேக்க வேண்டியது அண்ணன்கிட்ட. எலுமிச்சங்காகிட்ட இல்ல."

கேட்டிருக்கலாம். மனைவி சொன்னதைச் செய்திருந்தால் இந்த நாடகத்தில் எனக்குப் பாதி வேடம்தான். ஆனால் அதற்குள் கோயில் கமிட்டித் தலைவர் என் கடைக்கு வந்துவிட்டார். ரீலோட் போட வந்தவர்போல நின்றார்.

"ஒங்க மச்சான் இந்த வருசம் வெட்டலேன்னு சொல்லிட்டாருங்க. என்னா சங்கதி?"

"தெரியலீங்களே தலைவர்."

"காரணம் கேட்டா வாயத் தொறக்கல. வெட்டு அந்த வீட்டு உரிம. அவருக்கு இருக்கிறது பொம்பளப் புள்ளைங்க. அந்த வீட்டுக்கு மாப்புளன்னு இருக்கிறது நீங்க. அவரு இல்லேன்னா நீங்கதான் அரிவாளத் தொடணும்."

பதுளையில் ரத்தப் பரிசோதனைக்குப் போய், ஊசியைப் பார்த்த உடனேயே கீழே சாய்ந்தவன் நான். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கப் போனவனை நாடி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். தலைவர் போன பிறகு வெகுநேரம் ஒரு ரிமோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அது பழுதான ரிமோட்டே இல்லை.

அன்றைக்கே தலைவரோடு அக்கா வீட்டுக்குப் போனேன். ஆடு அக்கா நேர்ந்தது. அவர் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, இரண்டு உயிரும் இல்லை என்று எல்லாரும் கைவிட்ட நேரத்தில் முனியாண்டிக்குக் காசு முடிந்து வைத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தார்கள். இப்போது பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் மெதுவாகச் சொன்னேன்: சில தோட்டங்களில் ஆட்டை நிறுத்திவிட்டுப் பூசணிக்காய்க்கு மாறிவிட்டார்கள், நாமும் வேண்டுமானால்...

அக்கா தவழ்ந்துவந்த பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எம் புள்ள பூசணிக்காயா தம்பி?"

டிவி முன்னால் சர்பத்து என்று சிரிக்கிற அதே வாய்.

"அந்த அண்ணன் கைன்னா ஒரே வெட்டு. ஆட்டுக்கே தெரியாதுன்னுதான் நேந்தேன். இல்லேன்னா எனக்கு மட்டும் ஆசையா?" என்றார்.

அந்தக் கிழமை போயா வந்தது. இதை வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பௌர்ணமி என்றால் விடுமுறை. சாராயக் கடை பூட்டு, இறைச்சிக் கடை பூட்டு. நாய் மாப்பிள்ளை மட்டும் இலங்கைக்கு வந்தால் மாறுகிற அன்றைக்கே பட்டினிதான் என்று நாடகம் தொடங்கிய காலத்தில் நான்தான் பகிடி விட்டேன். அந்தப் போயா அன்று அதே பகிடியை வைத்து நான் கணக்குப் போட்டேன். கடை பூட்டு என்றால் ஓநாய் வேறு எங்கே போகும்? நேர்ந்த ஆடு கோயில் கொய்யா மரத்தில் கட்டிக் கிடந்தது.

பொழுது சாய்கிற நேரம் மச்சான் வீட்டிலிருந்து இறங்கினார். கோயில் பக்கம் நடந்தார். நாய்கள் பின்னால் போயின. நாய்களுக்குப் பின்னால் நானும் போனேன், கையில் டிஷ் கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு. அதை வைத்து என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிக்னல் பிடித்துக் கொடுத்திருப்பேன் போலும்.

முனியாண்டி கோயில் என்றால் கட்டடம் இல்லை. தேயிலை மலை முடிகிற இடத்தில் ஒரு பெரிய மரம், அடியில் கல், சூலம், ஒரு தகரக் கூரை. நான் வளைவு திரும்பிப் பார்த்தபோது மச்சான் கொய்யா மரத்தடியில் இருந்தார். இரண்டு கைகளையும் இரண்டு முழங்கால்களையும் தரையில் ஊன்றி, ஆட்டின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்திருந்தார். இரண்டு மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்காது. மலைக்கு அந்தப் பக்கம் நிலா ஏறிக்கொண்டிருந்தது.

"மச்சான்! கடிச்சிராதீங்க மச்சான்!" என்று கத்தினேன்.

அவர் அசையாமல் தலையை மட்டும் திருப்பினார். "எதக் கடிக்கிறது?"

"ஆட்ட."

"ஆட்ட எதுக்கு மாப்புள நான் கடிக்கிறேன்?"

காரணம் சொல்ல வாயெடுத்தேன். பத்து நாளாக என் தலைக்குள் அவ்வளவு ஒழுங்காக இருந்த காரணம் வெளியே வர மறுத்தது. அவர் என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார், பின் என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். சிரிக்கவில்லை.

"அதக் கீழ வச்சுட்டு இங்க வந்து குந்துங்க" என்றார்.

குந்தினேன். ஆடு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இலையை மென்றது.

"நான் எத்தன வருசமா வெட்டுறேன் மாப்புள. ஒரு தடவகூட மூஞ்சியப் பாத்ததில்ல. நான் பக்கத்துல நிப்பேன். எனக்குத் தெரியறது கழுத்து மட்டுந்தான். முன்னால கயிறு புடிச்சு நிக்கிறவனும் தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குவான். ஆட்டோட மூஞ்சி சாமி பக்கம் இருக்கும். பாக்கறது சாமி மட்டுந்தான்."

"ஆமா மச்சான்."

"அன்னைக்கு நாடகத்துல மரம் வெட்டுறவன அது புடிச்சுச்சில்ல, அப்ப கேமராவ எங்க வச்சிருந்தாங்க? சாமி இருக்கிற எடத்துல வச்சிருந்தாங்க மாப்புள."

ஒரு நாய் வந்து அவர் முதுகில் மூக்கை உரசியது. அவர் விலக்கவில்லை. எனக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி இதை முடித்துவிட வேண்டும் என்று தவிப்பு.

"அது நடிப்புதானே மச்சான்? அந்த ஆளு ரத்தத்தக் கழுவிட்டு அன்னைக்கே வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னிருப்பாரு."

"அவரு போயிருப்பாரு. இது எங்க போகும்?"

நான் ஆட்டின் கண்ணைப் பார்க்கவில்லை. அதன் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க வெட்டலேன்னா என்னைய வெட்டச் சொல்றாங்க மச்சான்" என்றேன் கடைசியில். அழுகிற குரல் வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் சிரித்தார். "நீங்களா? பலாக்கா வெட்டவே தங்கச்சியக் கூப்புடுற ஆளு. பயப்புடாதீங்க, நான் தலைவர்கிட்ட பேசுறேன்."

பேசினாரோ இல்லையோ, ஆள் கிடைத்துவிட்டது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், கொழும்பில் துணிக்கடையில் வேலை, புதிதாகக் கல்யாணமானவர், திருவிழா லீவுக்கு வந்திருந்தார். அந்த நாடகத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, கிழிக்கிற கட்டங்களை மட்டும் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கிற ரசிகர். "இதுல என்னாங்க இருக்கு? ஓங்கிப் போட்டா முடிஞ்சிச்சு. நான் வெட்டுறேன்" என்று கமிட்டியில் எழுந்து சொன்னாராம். கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியில் ஒரு கிழமை எல்லா வாடிக்கையாளரிடமும் சிரித்துப் பேசினேன். மச்சான் அந்த வருட உரிமையை விட்டுக்கொடுத்து, விட்டத்திலிருந்து அரிவாளை இறக்கி, தேய்த்து, கூராக்கிக் கொடுத்தனுப்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

திருவிழா அன்று வெயில் நன்றாக இருந்தது. தப்பு மேளம் அடித்தார்கள். லயமே கோயிலில் இருந்தது. மச்சான் கூட்டத்துக்குப் பின்னால், மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற பீலிக் கல்லருகே உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றினார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பாமல் நின்றால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். அது சிலுப்பாமல் இருக்கட்டும் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஊற்றிய உடனே சிலுப்பிவிட்டது. கூட்டம் குரல் எழுப்பியது. அக்கா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

கொழும்புக்காரர் அரிவாளைத் தலைக்கு மேலே, இரண்டு கைகளாலும், மிக உயரமாகத் தூக்கினார். நாடகத்தில் அப்படித்தான் தூக்குவார்கள். மச்சான் ஒருநாளும் அவ்வளவு உயரம் தூக்கியதில்லை. கொழும்புக்காரரின் கூட்டாளி ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெட்டு கழுத்தில் விழவில்லை. தோளில் விழுந்தது.

ஆடு கத்தியது. அந்தச் சத்தத்தை நாடகத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. கூரை மேல் இருந்தபோதும் கேட்டதில்லை. கயிறு பிடித்திருந்தவர் கயிற்றை விட்டுவிட்டார். ஆடு முன்காலை மடித்து விழுந்து, எழுந்து, சாமியை விட்டுத் திரும்பி எங்கள் பக்கம் பார்த்து நின்றது. தப்பு நின்றுபோயிற்று. படம் பிடித்தவர் போனைக் கீழே இறக்கினார். அக்கா பிள்ளையின் முகத்தைத் தன் தோளோடு அழுத்தி மறைத்துக்கொண்டு, "ஐயோ முடிச்சிருங்களேன், யாராவது முடிச்சிருங்களேன்" என்றார். கொழும்புக்காரர் அரிவாளைப் பிடித்தபடி நின்றார். அவர் கை மேலே போகவில்லை. என் வழக்கப்படி நான் எங்கே நழுவலாம் என்று பார்த்தேன். ஏறுவதற்கு ஒரு கூரை அங்கே இல்லை.

பின்னாலிருந்து மச்சான் வந்தார். ஓடி வரவில்லை. கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு வந்தார். அந்த இளைஞரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அரிவாளை வாங்கினார். ஆட்டுக்கு முன்னால் போய் ஒரு காலை ஊன்றிக் குந்தினார். இடக்கையால் அதன் தாடையைத் தாங்கிப் பிடித்தார். ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அது கேட்கவில்லை. பிறகு எழுந்து பக்கத்தில் நின்று வெட்டினார்.

தப்பை மறுபடி அடிக்கச் சொல்லித் தலைவர் கை காட்டினார். அடித்தவர்களுக்குத் தாளம் சேர வெகுநேரம் ஆனது.

கொழும்புக்காரர் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் போய் வாந்தி எடுத்தார். மச்சான் அவரைப் பீலிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார். நான் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஒன் மேல தப்பில்ல தம்பி. மொதல்ல வெட்டலேன்னு சொன்னப்ப, நான் இல்லேன்னா அது பொழச்சுக்கும்னு நெனச்சுட்டேன்" என்று மச்சான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாடகம் அதற்குப் பிறகும் சில மாதங்கள் ஓடியது. டிஷ்ஷை நேராக்கி வைத்திருந்தேன். எல்லாரும் வந்தார்கள், அக்காவும் வந்தார். கிழிக்கிற கட்டம் வந்தால் முன்போலச் சிரித்தவர்களும் உண்டு. அக்கா அந்த நேரத்தில் பேத்திக்கு ஏதாவது வேடிக்கை காட்டிக்கொண்டிருப்பார். மச்சான் வாசற்படியில் குந்தி, கிளாசைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை பார்த்தார்.

அவரை எதுவும் பிடிக்கவில்லை. அடுத்த வருடமும் ஆடு நேர்ந்திருந்தார்கள். மச்சான்தான் வெட்டினார். முன்கயிற்றை நான் பிடித்தேன்.